என் காலில் போட்ட கோடு

சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உள்ளவர்கள் வாசிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு நாள் பிடிக்கும். பிடிக்கட்டும். மாதக்கணக்காகக் கதிரையில்தான் இருக்கிறேன், வேறு என்ன வேலை. வாயால் சொல்லப் போனால் ஆட்கள் "ஐயோ பாவம்" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கடுதாசி குறுக்கே கதைக்காது.

கொட்டாஞ்சேனையில் முப்பத்தொரு வருடம் இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்தவள் நான். கணவர் இறந்தபோது மகள் சுகந்திக்கு நாலு வயது. ஒருவரிடமும் போய் நிற்கவில்லை. நின்ற நிலையில் மாப் பிழிந்து, அந்தப் பிள்ளையைப் படிப்பித்து, ஒரு காப்புறுதிக் கொம்பனியில் வேலைக்கு அனுப்பினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சுகந்தி தானாகப் பார்த்துக் கல்யாணம் முடித்தவர் இராஜேந்திரன். அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். புறக்கோட்டையில் கருவாட்டு மொத்தக் கடை ஒன்றில் வேலை. நான் மனதில் வைத்திருந்த மாப்பிள்ளை அவர் இல்லை. கல்யாணத்துக்குப் போனேன், திருநீறு பூசிவிட்டேன், அவ்வளவுதான். பிறகு முதுகு இயலாமல் போய் இடியப்பத்தை நிறுத்தியபோது, வெள்ளவத்தையில் அவர்கள் இருக்கும் நாலாம் மாடி வீட்டுக்கே நானும் வந்து சேர வேண்டியதாயிற்று.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனுக்கு முன்னால் வந்து நிற்பதில்லை. அவர் இருக்கும் இடத்தில் கதிரையில் இருப்பதும் இல்லை. அந்த வழக்கம் எனக்கு நல்ல வசதியாகிவிட்டது. ஒன்பது வருடம் அவரோடு ஒரு சொல் நேரே கதைத்ததில்லை. "அவரைச் சாப்பிட வரச் சொல்லு," "அவரை அந்த லைட்டை நிப்பாட்டச் சொல்லு" என்று எல்லாம் மகளுக்கூடாகத்தான். அவரோ என்னை "அத்தை, அத்தை" என்று வாய் நிறையக் கூப்பிடுவார். எங்களுக்கு அது மாமி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு முகம் சுருங்கும். கடை விட்டு வந்தால் அவர் குளித்து உடுப்பு மாற்றும்வரை குசினிப் பக்கம் வரக்கூடாது. கருவாட்டு மணம். அதையும் மகளிடம்தான் சொல்வேன், அவர் காது கேட்க.

அது நாட்டில் பெற்றோல் இல்லாத வருடம். காஸ் இல்லை, பால்மா இல்லை, ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம் கரண்ட் இருக்கும் என்பதைப் பேப்பரில் பார்த்துத்தான் அறிய வேண்டும். சுகந்தி விடிய ரயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போவாள், வந்த கையோடு காஸ் வரிசையில் போய் நிற்பாள். பேத்திக்குப் படிப்பு ரெலிபோனில் நடந்தது. இராஜேந்திரன் பஸ் இல்லாத நாட்களில் புறக்கோட்டைவரை நடப்பார். அந்த வீட்டில் நாலு பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்ட நாள் எனக்கு ஞாபகம் இல்லை.

என்னுடைய சீனிக் குளிசையும் கடைகளில் இல்லாமல் போனது. இராஜேந்திரன்தான் எங்கெங்கோ கேட்டு ஒரு மாதத்துக்கு ஒரு முறை ஒரு பெட்டி கொண்டு வந்து மேசையில் வைப்பார். அவர் அலைந்து வாங்கிய குளிசையை விழுங்கும்போது என் தொண்டையில் இறங்காது. அதனால் ஒரு குளிசையை இரண்டாக உடைத்துப் பாதிதான் போட்டேன். பெட்டி இரண்டு மாதம் வரும், அவருக்கு நான் படும் கடன் பாதியாகும் என்பது என் கணக்கு. ஒருவருக்கும் சொல்லவில்லை.

அந்த ஆடி மாதம் வீட்டுக்குப் பக்கத்துக் கோயில் தேருக்குப் போனேன். உச்சி வெயில். காலி வீதியில் தார் இளகி மினுங்கியது. தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு நடந்த பெண்கள் எல்லாரும் சுடுகிறது சுடுகிறது என்று துள்ளித் துள்ளி ஓரத்து மண்ணுக்கு ஓடினார்கள். நான் ஓடவில்லை. எனக்குச் சுடவே இல்லை. நடுவீதியால் நேராக நடந்தேன்.

"அன்ரி, உங்களுக்குச் சுடேல்லையோ?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"மனசு சுத்தமா இருந்தால் சுடாது பிள்ளை" என்றேன். சொன்னது இப்போதும் காதில் கேட்கிறது. முருகன் என்னைத் தாங்குகிறான் என்று அன்றிரவு பேத்திக்குக்கூடச் சொன்னேன்.

இரண்டு நாளில் வலது காலில், சின்னவிரலுக்குக் கீழே, கொப்புளம் ஒன்று உடைந்து செருப்பில் ஈரம் பட்டது. நோவு இல்லை. நோவில்லாத புண்ணுக்கு என்ன பயம்? மஞ்சளும் எண்ணெயும் வைத்துத் துணியால் கட்டி, குளிருது என்று சொல்லி மேலே காலுறை போட்டேன். பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டில் ஒரு மணம் வரத் தொடங்கியது. எனக்கும் மணத்தது.

ஒரு வியாழக்கிழமை விடிய, இராஜேந்திரன் வேலைக்கு வெளிக்கிடும்போது நான் பொறுக்க முடியாமல் கத்தினேன். "சுகந்தி! உன்ர மனுசனை அந்தக் கடை உடுப்புகளை வெளியில போடச் சொல்லு. வீடு முழுக்க நாறுது. மனுசர் இருக்கிற வீடோ இது?"

அவர் வாசலில் இருந்து திரும்பி வந்தார். நேரே என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார். நான் எழும்பப் பார்த்தேன், முடியவில்லை. முதல் நாளிலிருந்தே உடம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"அத்தை, கோவப்படாதீங்க. இருபது வருசமா கருவாட்டுலதான் நிக்கிறேன். கருவாட்டு நாத்தம் எனக்குத் தெரியும். இது கருவாடு இல்ல. ஒங்க காலைக் காட்டுங்க."

"அவரை அங்கால போகச் சொல்லு!" என்று மகளைப் பார்த்தேன்.

"அம்மா, காலைக் காட்டுங்கோ. நானும் ரெண்டு நாளாய் யோசிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றாள் அவள்.

காலுறையை அவள்தான் உரித்தாள். துணியோடு தோலும் வந்தது. கீழே கறுப்பாக, ஓரம் பச்சையாக, ஒரு குழி. சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஒன்பது வருடமாக நான் அவர் மேல் போட்ட மணத்தில், அந்தப் பத்து நாள் மணம் என்னுடையது. அந்த நேரம் வெட்கம் வரவில்லை. பயம்தான் வந்தது. என் காலில் இவ்வளவு பெரிய குழி இருக்கிறது, எனக்குத் தெரியவில்லையே. அப்படியென்றால் என் உடம்பில் இன்னும் என்னென்ன எனக்குத் தெரியாமல் இருக்கிறது?

லிஃப்ட் வேலை செய்யவில்லை, கரண்ட் இல்லை. கீழே ஓட்டோவும் இல்லை. இராஜேந்திரன் கடைக்கு ரெலிபோன் எடுத்தார். பேருவளைப் பக்கம் சரக்கு ஏற்றப் போன கடை லொறி காலி வீதியால் திரும்பி வந்துகொண்டிருக்கிறது, டீசல் இருக்கிறது என்றார்கள். என்னை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, முன்னால் வாட்ச்மேனும் பின்னால் மருமகனுமாக நாலு மாடியும் இறக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் "விடுங்கோ, விழப்போறன்" என்று கத்தினேன்.

"மூட்டை பேசாதுங்க அத்தை. நீங்க பேசுறீங்க, அதான் வித்தியாசம்" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. வாட்ச்மேன் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. கருவாட்டு லொறியில், முன் ஆசனத்தில், சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாருடைய மணத்துக்குப் பொத்தினேன் என்று கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரி அரசாங்கத்தினுடையது. பெயர் எழுத வேண்டியதில்லை, அங்கிருந்த பிள்ளைகள் தங்களால் இயன்றதெல்லாம் செய்தார்கள். முதல் மண்டபத்தில் வாங்குப் பலகையில் ஐந்து மணித்தியாலம் இருந்தோம். அங்கே ஒருவரும் சத்தமாகக் கதைப்பதில்லை. கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எல்லாருடைய தலையும் ஒன்றாகத் திரும்பும்.

பிறகு சோதனைகள். தலையில் முக்காடு கட்டிய ஒரு இளம் டொக்டர் பிள்ளை, தமிழ் பேசுகிறவள், மீன் தூண்டில் நூல் மாதிரி ஒன்றால் என் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"கண்ண மூடுங்க அம்மா. தொட்டா 'ஓம்' சொல்லுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். கனநேரம் காத்திருந்தேன்.

"இன்னும் தொடேல்லையோ பிள்ளை?"

"பத்து இடத்துல தொட்டேன் அம்மா."

அவள் எனக்கு விளங்கச் சொன்னாள். சீனி கூடிக்கூடி நரம்புகளின் நுனி செத்துவிடுமாம். சுட்டாலும் குத்தினாலும் மூளைக்குச் செய்தி போகாது. தார் வீதியில் எனக்குச் சுடாதது அதனால்தான். எல்லாரையும்போல என் காலும் வெந்துதான் போயிருக்கிறது. அறிவிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். நான் அதை மனசுச் சுத்தம் என்று ஊருக்குச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

இன்னொரு சோதனையில் காலில் களி பூசி, பேனை மாதிரி ஒன்றை வைத்து, குழாயில் ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்கள். கணுக்காலில் சர், சர் என்று கேட்டது. கீழே போகப் போகச் சத்தம் மெலிந்தது. சின்னவிரல் பக்கம் வைத்தபோது ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளை கருவியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள், இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். நான் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை.

வாட்டில் கட்டில் கிடைத்தபோது, புண்ணில் இருந்து சிவப்பு கெண்டைக்கால்வரை ஏறியிருந்தது. பெரிய டொக்டர் வந்து பார்த்து, தாதி மிஸ்ஸியிடம் பேனையை வாங்கி, சிவப்பு முடியும் இடத்தில் காலைச் சுற்றி நீலக் கோடு ஒன்று போட்டார். சிங்களத்தில் நிறையச் சொன்னார். டொக்டர் பிள்ளை தமிழில் சொன்னாள்.

"அம்மா, கிருமி மேல ஏறுது. இந்தக் கோட்டுக்குள்ள நிண்டா, புண்ண வெட்டித் துப்புரவாக்கி மருந்தோட பார்க்கலாம். கோட்டத் தாண்டினா காத்திருக்க ஏலாது. உடனே வெட்டணும். எவ்வளவு தூரம் எண்டு அப்பதான் சொல்லலாம். முழங்காலுக்குக் கீழயும் இருக்கலாம்."

முழங்காலுக்குக் கீழே. அதற்குப் பிறகு அவள் சொன்ன ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. என் கெண்டைக்காலில், கோட்டுக்கு மேலே நாலு விரல் தள்ளி, கொட்டாஞ்சேனையில் இடியப்பச் சட்டி சரிந்து கொதிதண்ணீர் பட்ட தழும்பு ஒன்று இருக்கிறது. அந்தத் தழும்பையும் சேர்த்துக் கொண்டு போய்விடுவார்கள் என்று பைத்தியக்காரத்தனமாக நினைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் சோமா என்று ஒரு சிங்களப் பெண். என்னைவிடப் பத்து வயது குறைவு. கொஞ்சம் தமிழ் தெரியும். அவளுக்குக் கால் முழங்காலுக்குக் கீழே போய் ஒரு கிழமை. லொத்தர்ச் சீட்டு நம்பர்களை ஒரு கொப்பியில் எழுதி எழுதிப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஓர் அறுபது தரம் அவளுடைய போர்வையைப் பார்த்திருப்பேன். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்.

வெள்ளிக்கிழமை, போட வேண்டிய ஊசி மருந்து ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது, வெளியில் வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள். சுகந்தி கொம்பனியில் லீவு கேட்டு அழுதாள். அந்த மாதம் ஆட்களைக் குறைக்கிறார்கள், லீவு எடுத்தால் வேலை போகும். இராஜேந்திரன் துண்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். கடைச் சைக்கிளில் வெள்ளவத்தையில் உள்ள மருந்துக்கடை எல்லாம் கேட்டு, இரத்மலானைவரை போய், அங்கும் இல்லை என்று திரும்பிப் புறக்கோட்டைக்கு வந்து, கடைக்குப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி ஒருவர் தன் மச்சானுடைய பாமசிக்கு ரெலிபோன் எடுத்துக் கொடுத்து, பின்னேரம் ஏழு குப்பி மருந்தை ஐஸ் போட்ட சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டு வந்தார். சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. பெட்டியை மிஸ்ஸியிடம் கொடுத்துவிட்டு என் கட்டிலடியில் நின்றார். நான் கண்ணை மூடி நித்திரை மாதிரிக் கிடந்தேன். எங்கள் வீட்டில் ஒருவருக்கொருவர் நன்றி சொல்கிற பழக்கம் இல்லை. அதெல்லாம் மேடையில் சொல்கிறது.

சனிக்கிழமை சிவப்பு கோட்டுக்குள் நின்றது. டொக்டர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்று பூராவும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் ஏறிவிடும் என்று ஒரு எண்ணம். சாப்பாடு வந்தது, போனது.

ஞாயிறு விடிய ஐந்து மணித் தேத்தண்ணிக்கு எழும்பிப் போர்வையை விலக்கினேன். சிவப்பு கோட்டைத் தாண்டி இரண்டு விரல் மேலே வந்திருந்தது.

இதை எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது. எழுதாமல் விடலாம் என்றும் பார்த்தேன். விட்டால் இந்தக் கடுதாசியால் ஒருவருக்கும் பிரயோசனம் இல்லை.

ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் பஞ்சு மேசையில் கிடந்தது. அதை எடுத்து நீலக் கோட்டைச் சுற்றிவரத் தேய்த்து அழித்தேன். சோமாவிடம் கை நீட்டினேன். அவள் லொத்தர் எழுதுகிற பேனையை ஒன்றும் கேட்காமல் தந்தாள். சிவப்புக்கு மேலே, தழும்பையும் தாண்டி, புதுக் கோடு போட்டேன். கோடு கொஞ்சம் கோணல். மாப் பிழிகிற கை. பேனையைத் திருப்பிக் கொடுத்தேன்.

"அம்மே, நானும் பயம்தான். கால் போச்சு. உசிர் இருக்கு" என்றாள் அவள், தன் கொப்பியைப் பார்த்தபடி.

எட்டு மணிக்கு வந்தவர் வேறொரு டொக்டர். ஞாயிற்றுக்கிழமை ஆள் மாறும். கோட்டைப் பார்த்தார், சிவப்பைப் பார்த்தார். "ஹொந்தாய் அம்மே" என்றார். நல்லது என்கிறார். போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் கால் கொதித்துக்கொண்டிருந்தது, பல்லுக் கிட்டியது, போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன். என்னைக் காப்பாற்ற வந்தவர்களை நான் ஏமாற்றிவிட்டேன், இனி என்னைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை என்று அந்தப் போர்வைக்குள் விளங்கியது. அதற்குப் பிறகும் வாய் திறக்கவில்லை. பயம் வந்தால் புத்தி இப்படித்தான்.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர் நேரம். ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ்தான். சுகந்தி கீழே பிள்ளையோடு நிற்க, இராஜேந்திரன் கஞ்சிப் போத்தலோடு வந்தார். போத்தலை வைத்துவிட்டுக் காலைப் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"அத்தை, தழும்புக்குக் கீழதானே கோடு இருந்துச்சு?"

நான் காலைப் போர்வைக்குள் இழுத்தேன்.

"நேத்துப் பார்த்தேன். நாலு வெரல் கீழ இருந்துச்சு. யாரு இத மாத்தினது?"

சோமா கொப்பியால் முகத்தை மறைத்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. கதவுப் பக்கம் திரும்பினார். நான் அவருடைய சேட்டைப் பிடித்துவிட்டேன்.

"தம்பி, சொல்லாதேங்கோ. உங்களைக் கும்பிட்டன். காலை எடுத்துப் போடுவாங்கள். ஒரு நாள் பொறுங்கோ, நாளைக்கு இறங்கிடும். தம்பி!"

ஒன்பது வருடத்தில் அவரிடம் நான் நேரே பேசிய முதல் சொற்கள் இவை. அவர் என் விரல்களை ஒவ்வொன்றாகச் சேட்டில் இருந்து பிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"திட்டுங்க அத்தை. காலம் பூரா திட்டுங்க. திட்டுறதுக்கு நீங்க வேணும்."

போய் மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டார்.

நான் திட்டினேன். வாட்டு முழுக்கக் கேட்கத் திட்டினேன். தோட்டத்து ஆள், கருவாட்டுக்காரன், என் காலைத் தின்ன வந்தவன் என்றெல்லாம் சொன்னேன். அவர் சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டொக்டர்கள் ஓடி வந்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்குள் தியேட்டருக்கு எடுக்க ஆயத்தமாகிவிட்டது. கையொப்பம் வைக்கப் பத்திரம் தந்தார்கள். தமிழ்ப் பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். "தேவைப்படின் மேலும்" என்று ஒரு இடத்தில் இருந்தது. திறந்து பார்த்தபின் எவ்வளவு வெட்டுவது என்று அவர்களே தீர்மானிப்பார்களாம். என் பெயரை நாலெழுத்தாய் எழுதிக் கொடுத்தேன்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே விறைக்கப் பண்ணினார்கள். முகத்துக்கு முன்னால் பச்சைத் துணி. அங்கால் என்ன நடக்கிறது என்று தெரியாது. இரும்பு இரும்போடு படுகிற சத்தம் கேட்டது. ஒரு கட்டத்தில் யாரோ என் காலைத் தூக்கி நகர்த்துவதுபோல மேசை அசைந்தது. தூக்குகிறார்களா, எடுத்துக்கொண்டு போகிறார்களா? "முருகா" என்று கூப்பிட வாய் வரவில்லை. அவனை முன்னம் பொய்க்குச் சாட்சி வைத்துவிட்டேன் அல்லவா.

வாட்டுக்குக் கொண்டு வந்து கிடத்திய பிறகும் கால் விறைத்துத்தான் கிடந்தது. இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. எனக்குத் தலையைத் தூக்கப் பயம், கையால் தடவிப் பார்க்கவும் பயம். கட்டிலடியில் அதே சேட்டோடு இராஜேந்திரன் நின்றார். வேறு ஒருவரும் இல்லை. அவரைத்தான் கேட்க வேண்டும்.

"தம்பி... இருக்கோ?"

அவர் போர்வையைத் தூக்கிப் பார்த்தார். பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் எடுத்தார் என்று எனக்குத்தான் தெரியும்.

"இருக்கு அத்தை. கால் இருக்கு. ரெண்டு வெரல்தான் இல்ல."

நான் அழுதேன். அவரும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சோமா அங்கிருந்து "அம்மே, ரெண்டு விரல், லாபம்!" என்று சத்தம் போட்டாள்.

அடுத்த நாள் மருந்து கட்டும்போது டொக்டர் பிள்ளை சொன்னாள்: "ஒங்க மகன் சொன்னபடியா தப்பிச்சீங்க. இண்டைக்குக் காலைல பாத்திருந்தா காலப் பத்திக் கதச்சிருக்க மாட்டோம், உயிரப் பத்தித்தான் கதச்சிருப்போம்." மகன் இல்லை, மருமகன் என்று திருத்த வாய் எடுத்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

மூன்று கிழமையில் டிஸ்சார்ஜ் துண்டு வெட்டினார்கள். வீட்டுக்குப் போகும்போது அந்தப் பிள்ளை சொன்னது இதுதான், எல்லாரும் கேளுங்கள்: வெறுங்காலோடு வீட்டுக்குள்ளேயும் நடக்கக்கூடாது. குளிசையை உடைக்கக்கூடாது. இரண்டு உள்ளங்காலையும் ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும், விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். உங்களுக்குக் குனிய ஏலாது, உணர்ச்சியும் இல்லை. ஆகவே கண் உள்ள வேறொருவர் பார்க்க வேண்டும்.

சுகந்தி விடிய ஐந்தரைக்கே ரயிலுக்கு ஓடுகிறாள். அவள் வரும் நேரம் கரண்ட் இல்லை. ஆகவே இந்த வேலை இராஜேந்திரனுக்கு வந்தது. அவர் ஆறேமுக்காலுக்குப் பையைத் தோளில் போட்டபடியே என் கதிரைக்கு முன்னால் நிலத்தில் இருப்பார். ரெலிபோன் லைட்டை அடித்து, என் வலது காலை மடியில் தூக்கி வைத்து, செத்தல் மிளகாயில் காம்பு பார்க்கிறவர்போல ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பார். முதல் நாள் நான் முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மருமகனுக்கு முன்னால் கதிரையில்கூட இராதவள் நான்.

இடது காலை நான் காட்டவில்லை. "அது சுகமாத்தான் இருக்கு, நேரம் போகுது, போங்கோ" என்று சீலைக்குள் இழுத்துவிடுவேன். வெட்கம் என்று அவர் நினைத்திருப்பார். வெட்கம் இல்லை. அந்தக் காலிலும் எனக்கு உணர்ச்சி இல்லை. அதற்குக் கீழே என்ன இருக்கிறதோ என்று ஒவ்வொரு நாளும் செத்துக்கொண்டிருந்தேன். பார்க்காதவரை அது நல்ல கால்.

இப்படிப் பதினாறு நாள் போனது. பதினேழாம் நாள் மழை. பஸ் வருமோ வராதோ என்று அவர் வழக்கத்தைவிட அவசரமாக வந்து இருந்தார். வலது காலைப் பார்த்தார். "சுத்தமா இருக்கு அத்தை" என்று செருப்பை மாட்டிவிட்டார். எழும்பப் போனார். சேட் தோளில் தையல் விட்டிருந்தது. மூட்டை தூக்கிய பக்கம். இந்த மனிதர் ஒவ்வொரு நாளும் ஏழு நிமிடத்தை எங்கிருந்தோ பிடுங்கி எனக்குத் தருகிறார். அந்த ஏழு நிமிடத்தையும் பாதியாய் உடைத்துத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

"தம்பி, பொறுங்கோ" என்றேன்.

சீலையை விலக்கி இடது காலை அவருக்கு முன்னால் நீட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பையைத் தோளில் இருந்து இறக்கி நிலத்தில் வைத்துவிட்டுத் திரும்பவும் இருந்தார். காலைத் தூக்கி மடியில் வைத்து, லைட்டை அடித்தார். வெளியில் வீதியில் பஸ் வந்து நின்று, கொண்டக்டர் புறக்கோட்டையைச் சிங்களத்தில் "பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ" என்று கூப்பிட்டு, பிறகு பஸ் போகிற சத்தமும் கேட்டது. அவர் தலை நிமிரவில்லை. குதிக்காலில் இருந்து தொடங்கி மெதுவாக, மிக மெதுவாக, பார்த்துக்கொண்டு வந்தார்.